நோயாளி விஜய்ராஜ் நலம்

விஜய்ராஜுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. தொல்லையெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

நோய் அவன் மனைவி ஜெஸ்லினுக்கு. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் சுருங்கிக்கொண்டே வருகிற நோய். பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவனுக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்கவில்லை. குழாய் சுருங்கினால் மோட்டார் திணறும். திணறிக்கொண்டே ஓடினால் ஒரு நாள் எரிந்துபோகும். மதுரை டாக்டர் விளக்குவதற்காகப் படம் வரையத் தொடங்கியபோது, "புரியுது சார்" என்று சொல்லிவிட்டான். படத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்ததில் டாக்டருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஊசி மருந்து ஒன்று இருந்தது. நோயைத் துரத்தாது, இருக்கிற இடத்தில் பிடித்து நிறுத்தும். இங்கே அதை விற்றுக்கொண்டிருந்தவர்கள் லாபமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டில் லைசென்ஸ் உள்ள ஆன்லைன் மருந்துக் கடைகளில் கிடைக்கும், டாக்டர் சீட்டைக் காட்டினால் அனுப்புவார்கள், எல்லாம் சட்டப்படிதான் என்றார் டாக்டர். தேனியிலேயே அதற்கு ஒரு மையம் திறந்திருக்கிறார்களே, உங்களுக்கென்ன கவலை என்றும் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அவர் மையத்துக்குப் போனதில்லை.

எல்லை கடந்த மருந்து வசதி மையம், திராட்சை வைத்துப் பிறகு கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே குளிர் இல்லை, மேலே திராட்சை இல்லை. மையம் வருவதற்கு முன்பு வெளிநாட்டு மருந்து நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி வருவதில் நோயாளிகளுக்கு இருந்த சிரமங்களைக் களையவே மையம் அமைக்கப்பட்டதாகச் சுவரில் எழுதியிருந்தார்கள். என்ன சிரமம் என்று எழுதச் சுவரில் இடம் போதவில்லை.

மருந்துக்கு ஆர்டர் போட்ட அன்று விஜய்ராஜ் ஒரு தப்பு செய்தான். இந்தப் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கடையின் இணையப் பக்கம் நோயாளியின் பெயரைக் கேட்டது. ஜெஸ்லின் என்று அடித்தான். அடுத்துக் குடும்பப் பெயரைக் கேட்டது. ரேஷன் கார்டிலிருந்து சர்ச் பதிவு வரைக்கும் அவள் வி. ஜெஸ்லின். வி என்று அடித்தான். ஒற்றை எழுத்தை ஏற்க முடியாது என்று சிவப்பில் வந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்வோம், கல்யாணமானால் புருஷன் பெயருக்கு மாற்றிக்கொள்வோம் என்று விளக்க அந்தக் கட்டத்தில் வசதியில்லை. இனிஷியலை விரித்து, விஜய்ராஜ் என்று அடித்தான். பச்சை விளக்கு எரிந்தது.

கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெஸ்லின், "ஜெஸ்லின் விஜய்ராஜ்" என்று படித்தாள். "வெள்ளக்காரி மாதிரி இருக்கேங்க. நாளைலருந்து ரொட்டிதான்."

பிறகு மெதுவாக எழுந்துபோய் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டைக் காலி செய்தாள். தயிர், மாவு, கொத்தமல்லி எல்லாவற்றையும் வெளியேற்றி, தட்டைத் துடைத்தாள். மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி அங்கே யாரும் ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, மூச்சு வாங்கியதால் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

வெளிநாட்டுக் கடைக்காரர்கள் யோக்கியமானவர்கள். ஐஸ் பெட்டியில் பொதிந்து உடனே அனுப்பிவிட்டார்கள். பெட்டியின் மேல் அவர்கள் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் போட்டு, சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாக்கிப் பின்னால் போட்டிருந்தார்கள். விஜய்ராஜ் ஜெ.

விஜய்ராஜின் அப்பா பெயர் ஜெபராஜ். அவன் ஆதாரில் இருப்பதும் விஜய்ராஜ் ஜெ.

மையத்தின் வசதி அலுவலர் சுரேஷ்கண்ணன் பெட்டியையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கோம்பை சொந்த ஊர். கவ்வினால் விடாத நாய்க்குப் பெயர்போன ஊர் என்பதை வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். அன்றைக்கு அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது.

"தம்பி, நான் இந்தச் சீட்டுல உக்காந்ததுலருந்து ஒரு பேருகூட இப்படிப் பொருந்தி வந்ததில்ல. ஒரு புள்ளிகூட மாறல. இதான் வேணும்."

மருந்து தனக்கில்லை, மனைவிக்கு என்று விஜய்ராஜ் விளக்கினான். அவர் மனைவியின் பெயரைக் கேட்டார். வி. ஜெஸ்லின் என்றான். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற ஆளு."

டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினான். அதில் வி. ஜெஸ்லின் என்று இருந்தது. சுரேஷ்கண்ணனின் சந்தோஷம் வடிந்துவிட்டது. நோயாளி விஜய்ராஜின் மருந்துக்கு வேறு யாரோ ஒரு பெண்ணின் சீட்டைக் கொண்டுவந்திருப்பது சரியில்லை என்றார். அவன் பெயரிலேயே சீட்டு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். உடம்பு முடியாத நேரத்தில் மாடிப்படி ஏறி வர வேண்டாம், யாரையாவது அனுப்பினால் போதும் என்று கரிசனமாகவும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஜெஸ்லின் கேட்டாள்.

"என்ன சொன்னாக?"

"நோயாளி நான்னு சொன்னாக."

அவள் சிரித்தாள். சிரித்தால் மூச்சு திணறும் என்பதால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்க வந்து படுங்க. நான் போயி கடையத் தெறக்குறேன். இத்தன நாளு வலிச்சது யாருக்குன்னு அவுககிட்டயே கேட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

விஜய்ராஜ் மருந்துக் கடைக்கு எழுதினான். அவர்கள் மறுநாளே பதில் போட்டார்கள். பெயர்க் குழப்பத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். நோயாளி ஒரு பெண் என்று தெளிவாக உறுதி செய்திருந்தார்கள். கடிதம் 'அன்புள்ள திருமதி விஜய்ராஜ்' என்று தொடங்கியது.

சுரேஷ்கண்ணன் அதை ஆழ்ந்து படித்தார். கம்ப்யூட்டரில் இருந்த அபிதாவைக் கூப்பிட்டு, விஜய்ராஜ் என்பவர் பெண் என்று ஆதாரம் வந்திருக்கிறது, திருத்து என்றார். அபிதா ஒரு கட்டத்தை மாற்றினாள். கம்ப்யூட்டர் மறுக்கவில்லை. அடுத்த நிமிஷம் அது விஜய்ராஜின் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

சுரேஷ்கண்ணன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விஜய்ராஜைப் பார்த்தார். விஜய்ராஜ் சுவரைப் பார்த்தான்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அபிதா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணே, நான் சொல்றேன்னு நெனைக்காதீக. பழையபடி ஆம்பளையாவே இருந்துக்கங்க. பொம்பளைன்னா இன்னும் ஏழு பக்கம் வருது."

அவன் ஆணாக மாறினான். அதற்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது எல்லை. மருந்து எல்லை கடந்து வந்ததற்குச் சான்று வேண்டும் என்று விதியில் இருந்தது. விதியை எழுதியவர்கள் எந்த எல்லையை நினைத்து எழுதினார்களோ தெரியாது. சுரேஷ்கண்ணன் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எல்லை என்றால் மலைக்கு மேலே, பக்கத்து மாநிலத்துக்குப் போகிற ரோட்டுக்குக் குறுக்கே கம்பு போட்டிருக்கிற இடம். அந்தக் கம்புக்கு அந்தப் பக்கம் எதுவாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். பெட்டி கொச்சியில் விமானத்திலிருந்து இறங்கி, லாரியில் மலையிறங்கி வந்திருந்தது அவர் நம்பிக்கையை உறுதிப்படுத்தியது.

"எல்லைல நம்ம கிளை ஒண்ணு இருக்கு தம்பி. அங்கன போயி ஒரு முத்திர வாங்கிட்டு வாங்க. பெட்டிய எடுத்துட்டுப் போக முடியாது. பெட்டியோட போட்டோவக் கொண்டுட்டுப் போங்க. போட்டோ எல்லையத் தாண்டணும்."

கம்பத்திலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில், கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் கிளை இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே சுருளிராஜன் என்பவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில் வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். போட்டோவைக் கையில் வாங்கிக்கொண்டு, கம்புக்கு அந்தப் பக்கம் நடந்துபோய், திரும்பி நடந்து வந்தார்.

"கடந்தாச்சு சேட்டா. ஆனா ஒரு சங்கடம். எனக்குக் குடுத்திருக்கறது மாட்டு முத்திரதான். மனுஷ முத்திர இன்னும் வரல. கேட்டு எழுதியிருக்கேன்."

மாட்டு முத்திரையையே குத்தினார். விஜய்ராஜ் கூடக் கொண்டுபோயிருந்த ஆதார் நகலின் மேல், முகத்துக்குச் சற்றுக் கீழே, 'கால்நடை. பரிசோதிக்கப்பட்டது. கோமாரி நோய் இல்லை' என்று நீல மையில் விழுந்தது. "சாரமில்ல, பரவால்ல" என்றார் சுருளிராஜன். "அங்க யாரும் படிக்க மாட்டாக. முத்திர இருக்கான்னுதான் பாப்பாக."

அது உண்மைதான். சுரேஷ்கண்ணன் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

"என்ன சொன்னாக?"

"கோமாரி இல்லைன்னு சொன்னாக."

அன்று ஜெஸ்லின் சிரிக்கவில்லை. தலையணையைக் கூட்டி வைத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கிறது என்று உட்கார்ந்தே தூங்கத் தொடங்கியிருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. உதட்டில் நாவல்பழம் தின்ற நிறம். "என்னயக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "ஆளப் பாத்தா தெரியும்ல. என்னயப் பாத்துட்டு நீங்கதான் நோயாளின்னு எப்படிச் சொல்லுவாக?"

ஆக்ஸிஜன் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றி, அவளை அதன் பக்கத்தில் ஏற்றிக் கூட்டிப்போனான். செவ்வாய்க்கிழமை, மையம் மனு வாங்குகிற நாள், ரோட்டில் கூட்டம். ஆட்டோ ஒவ்வொரு மேட்டிலும் விழுந்து எழுந்தபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மையத்தின் கீழே நிறுத்தினார்கள். அவளால் மாடிப்படி ஏற முடியாது. அலுவலரைக் கொஞ்சம் கீழே இறங்கி வந்து பார்க்கச் சொல்லி விஜய்ராஜ் மேலே போனான்.

சுரேஷ்கண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். நோயாளியுடன் வருபவர்கள் வெளியே காத்திருக்கவும்.

"அவுக அங்கன இருக்கட்டும் தம்பி. ஒண்ணும் அவசரமில்ல. நோயாளி நீங்க நிக்கலாமா? உக்காருங்க." உள்ளேயிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை வரவழைத்தார். நோயாளிகளுக்கென்று தனியாக வாங்கியது. பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. "இதுல உக்காருற மொத ஆளு நீங்கதான்."

நாற்காலியை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போட்டார்கள். விஜய்ராஜ் உட்கார்ந்தான். மோட்டாரோடு பழகிய காது அவனுக்கு. பக்கத்தில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, சத்தம் இல்லை. கதவின் குறுக்கே துணி கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பின்பக்கம் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கி, அதையும் துணியில் சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள்.

அவன் கேட்டதும் சுரேஷ்கண்ணன் ஆச்சரியப்பட்டார். இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே என்கிற ஆச்சரியம்.

"குளுந்த மருந்த ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு விதி. வச்சிருக்கோம். வச்சதச் சீல் பண்ணணும்னு விதி. பண்ணியிருக்கோம். சீல் வச்சாச்சுன்னா அனுமதியில்லாம உள்ள எதுவும் போகக்கூடாது. கரண்டு மட்டும் போலாமா? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்? தம்பி, படிச்சவுக நீங்க. யோசிங்க."

விஜய்ராஜ் யோசித்தான். தேனி வெயிலில் அந்தப் பெட்டி எத்தனை வாரமாக மூடிய இரும்புக்குள் இருக்கிறது என்று யோசித்தான். பிறகு கீழே இறங்கினான்.

ஜெஸ்லின் கண்ணைத் திறந்தாள். "நோயாளிக்கு நாற்காலி குடுத்தாகளா?"

"குடுத்தாக."

"மெத்த வச்சதா?"

"ம்."

"நல்லா உக்காந்தீகளா?" கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டாள். "மருந்து குளுந்து இருக்குல்ல? அத மட்டும் பாத்துக்கங்க. குளுரு போயிட்டா தண்ணிதான்னு டாக்டர் சொன்னாகல்ல."

"குளுந்துதான் இருக்கு" என்றான்.

அன்று இரவே மருந்துக் கடைக்கு எழுதினான். அந்தப் பெட்டியை வீசிவிடுங்கள், வேறு அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் ஒரு நோயாளியின் முதல் பெட்டி நிலுவையில் இருக்கும்போது இரண்டாவதை வாங்கக்கூடாது என்று மையத்தில் விதி இருந்தது. கெட்டுப்போன பெட்டியைச் சட்டப்படி வாங்கினால்தான் நல்ல பெட்டி வரும். ஆகவே விஜய்ராஜ் நோயாளியாகிவிட முடிவு செய்தான். அவனுக்கு இதில் பெருமையோ வெட்கமோ ஏதும் தோன்றவில்லை.

சீட்டு இல்லாதவர்களுக்கு நோயை உறுதி செய்கிற மையத்தின் மருத்துவக் குழுவில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். பரிசோதனைக்குப் போகும்முன் விஜய்ராஜ் மாடிப்படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொள்ளும்வரை ஓடினான். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் போனில் மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் படிவதற்குள் விஜய்ராஜின் மூச்சு படிந்துவிட்டது. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார்.

"குதிரை மாதிரி இருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு நெஞ்ச நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

கோப்பு சுரேஷ்கண்ணனிடம் போனது. நோயாளி என்று பதிவானவருக்கு இப்போது நோய் இல்லை என்றால் என்ன பொருள்? அவர் எழுந்து நின்று விஜய்ராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அபிதா குணமடைந்தோர் என்ற கட்டத்தைத் திறந்தாள். அதில் அதுவரை யாரும் இல்லை.

"மருந்து கைக்கு வரதுக்கு முன்னாடியே குணமாயிட்டீக. இதுதான் தம்பி இந்த மையத்தோட நோக்கமே. ஜனங்க சும்மா சும்மா வெளிநாட்டு மருந்துக்குப் பறக்குறாக. கொஞ்சம் பொறுத்தா தானா சரியாகும். பொறுக்கத்தான் நாங்க உதவி செய்றோம்."

பெட்டியை இனி யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. நோயாளி திரும்பவும் நோயில் விழுந்தால் மட்டும் கோப்பைத் திறக்கலாம். அதற்கும் ஒரு மனு உண்டு. விஜய்ராஜ் அந்த மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான்.

"என்ன சொன்னாக?"

ஜெஸ்லினின் குரல் கிட்டத்தில் போனால்தான் கேட்டது.

"குணமாயிருச்சுன்னு சொன்னாக."

"யாருக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

மனு பரிசீலனையில் இருந்தபோது ஜெஸ்லின் இறந்துபோனாள். காலையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டாள். அவன் செம்பைக் கொண்டுவந்தபோது உட்கார்ந்தபடியே இருந்தாள். பாஸ்டர் நன்றாக ஜெபித்தார். கடைத்தெருக்காரர்கள் மாலை போட்டார்கள். வந்தவர்களில் யாரோ குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்து, நடுத்தட்டு மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் மையத்துக்குப் போனான். கோப்பை மூடிவிடச் சொல்லப் போனதாகத்தான் நினைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை வேறு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியாமலும் இருந்தது. நோயாளி இறந்துவிட்டார் என்று சொன்னான்.

சுரேஷ்கண்ணன் கோப்பைப் புரட்டினார். அவனை ஏறிட்டுப் பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"நோயாளி இங்கன நிக்கிறாரே."

"என் மனைவி சார்."

"அடடா." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தன் மாமனார் இறந்ததைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். "உங்களோட கூட வந்தவுகதானே, ஆட்டோல இருந்தாக? பாவம். நோயாளியப் பாத்துக்கிறவுக பாடு அப்படித்தான் தம்பி. தன்னப் பாத்துக்க மாட்டாக."

உங்கள் மனு ஏற்கப்பட்டது, டாக்டர் உள்ளேதான் இருக்கிறார், வந்தது வந்துவிட்டீர்கள், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். விஜய்ராஜ் மறுக்கவில்லை. அவன் அப்போது எதையும் மறுக்கிற நிலையில் இல்லை. டாக்டர் சட்டையைத் தூக்கச் சொன்னார். எலும்பு தெரிந்தது. தூக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை. பசி? இல்லை. நெஞ்சில் குழாயை வைத்தார். இந்த முறை போன் எதுவும் வரவில்லை. நெடுநேரம் கேட்டார்.

"இப்பத்தான் நோயாளி மாதிரி இருக்கீக" என்றார் திருப்தியாக. "போன தடவ என்னய ஏமாத்தப் பாத்தீகள்ல?"

கையெழுத்துப் போட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பெயர் பொருந்தியது, பால் பொருந்தியது, எல்லை கடந்திருந்தது, கோமாரி இல்லை, நோய் இருந்தது. மையத்தின் வரலாற்றில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிய முதல் கோப்பு அது.

ஆகவே விழா எடுத்தார்கள். சென்னையிலிருந்து இயக்குநர் வந்தார். கிடங்கின் கீழ்த்தளத்தில் ஷாமியானா போட்டு, வாசலில் வாழை கட்டினார்கள். எல்லைக் கிளையைப் பூட்டிவிட்டு வந்த சுருளிராஜன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மனுஷ முத்திரை வந்துவிட்டது என்று விஜய்ராஜிடம் சொன்னார். இப்போது மாட்டு முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். மாட்டு மருந்து ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை.

விஜய்ராஜை அந்த மெத்தை நாற்காலியில் மேடையில் உட்கார வைத்தார்கள். பாலித்தீன் உறை இன்னமும் பிரிக்கப்படாமல் இருந்தது.

இயக்குநர் நல்ல பேச்சாளர். "எங்களைப் பற்றிக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அயல்நாட்டு மருந்து ஆபத்தானது. எது போலி, எது அசல், யாருக்குத் தெரியும்? ஆனால் இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து, எங்கள் வழியாக வந்த மருந்தைப் போட்டுக்கொண்டு ஒருவர் செத்தார் என்று சொல்ல முடியுமா? ஒருவர்? சவால் விடுகிறேன். உலகத்தில் எந்த மருத்துவமனையும் இப்படி மார்தட்ட முடியாது."

கைதட்டல் எழுந்தது.

"தாமதம் என்கிறார்கள். தாமதம் இல்லை ஐயா, அது கவனம். அவசரப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். நோய் முற்றியவர்கள். அவர்களை நாம் கணக்கில் எடுக்கக்கூடாது. உறுதியானவர்களைப் பாருங்கள். இதோ நோயாளி விஜய்ராஜ். எத்தனை முறை வந்திருப்பார்? முகம் சுளித்தாரா? காத்திருந்தார். இன்று உயிரோடு நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இதைவிட என்ன சான்று வேண்டும்?"

சுரேஷ்கண்ணன் எல்லோரும் பார்க்க ஃப்ரிட்ஜின் அரக்கை உடைத்தார். உள்ளிருந்து புழுங்கின வாடை வந்தது. பெட்டியை எடுத்தார். குளிர் குறைந்தால் நிறம் மாறுகிற பொட்டு ஒன்றைக் கடைக்காரர்கள் அதன் மேல் ஒட்டியிருந்தார்கள்.

"பாருங்க சார், வரும்போது வெள்ளையா இருந்துச்சு. நம்மகிட்ட வந்து நல்லாச் செவந்திருச்சு" என்று இயக்குநரிடம் காட்டினார். மங்களகரமாக இருக்கிறது என்றார் இயக்குநர். அந்தப் பொட்டு தெரிகிற மாதிரி பெட்டியைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். விஜய்ராஜுக்குச் சால்வை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவன் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

"என் மனைவி பேரு ஜெஸ்லின்" என்றான்.

அவ்வளவுதான் வந்தது. இயக்குநர் நெகிழ்ந்துபோனார். மைக்கை வாங்கி, பாருங்கள், இந்த நேரத்திலும் முதலில் மனைவிக்கு நன்றி சொல்கிறார், இதுதான் நம் பண்பாடு, அந்த அம்மாவையும் மேடைக்கு வரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் ஒரு சால்வை போடுவோம் என்றார். கூட்டம் திரும்பித் திரும்பித் தேடியது. அபிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுரேஷ்கண்ணன் இயக்குநரின் காதருகே குனிந்தார். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

"கூட வர்றவுகள உள்ள விடுறதில்ல சார்."

"குட்" என்றார் இயக்குநர்.

விஜய்ராஜ் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். மடியில் பெட்டி இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிற பூனையைப் போல. பக்கத்து இருக்கைக்காரர் சால்வையைப் பார்த்து, ஏதும் விசேஷமா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றான்.

பூட்டைத் திறந்து உள்ளே போனான். ஃப்ரிட்ஜைத் திறந்தான். நடுத்தட்டு துடைத்தது துடைத்தபடி இருந்தது. பெட்டியை அதில் வைத்தான். மூடினான். பிளக் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்தான்.

பிறகு, தலையணைகள் கூட்டி வைத்தபடியே கிடந்த கட்டிலின் முன்னால் வந்து நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"நான் பொழச்சுட்டேன்னு சொன்னாக."